உள்ளுக்குள் என்ன போட்டிருக்கிறாய்? கில்ட் கட்டியவரிடம் கேட்கப்படும் நான்கு கேள்விகளின் வரலாறு

கில்ட் எப்படி இருக்கும் எண்டு புதிதாகச் சொல்லத் தேவையில்லை. படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இடுப்பில் இருந்து முழங்கால் வரைக்கும் கட்டம் போட்ட கம்பளித் துணி. பின்பக்கம் முழுக்கக் கொய்யகம். முன்பக்கம் மடிப்பில்லாமல் நேராக விழும். பொக்கற் இல்லாததால் இடுப்பில் இருந்து ஒரு தோல் பை தொங்கும். அதற்கு ஸ்போரன் எண்டு பெயர். ஒழுங்காகத் தைத்த ஒரு கில்ட்டுக்கு எட்டு யார் துணி வரை போகும்.

இண்டைக்கு ஸ்கொட்லாந்தில் பெரும்பாலான ஆண்கள் இதைக் கல்யாண வீட்டுக்கும், பட்டமளிப்புக்கும், உதைபந்தாட்ட மட்சுக்கும், ஜனவரி 25ஆம் திகதி கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸின் பிறந்தநாள் இராப்போசனத்துக்கும்தான் உடுத்துகிறார்கள். அதுவும் பலர் வாடகைக்கு எடுத்துத்தான். ஆனால் ஒரு சின்னக் கூட்டம் இதை அன்றாட உடுப்பாகக் கட்டுகிறது. வேலைக்குப் போக, கடைக்குப் போக, பஸ் ஏற, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட எல்லாத்துக்கும் கில்ட்தான். எடின்பரோவில் ஹோவி நிக்கல்ஸ்பி எண்ட கில்ட் தையற்காரர் டெனிம் துணியிலும் சாதாரண சூட் துணியிலும் கில்ட் தைத்து, தானும் நாளாந்தம் அதையே உடுத்தி, இது விசேஷ உடுப்பு இல்லை எண்டு சொல்லி வருகிறார்.

இப்படி உடுத்துகிற ஆட்களுக்கு ஒரு பொது அனுபவம் இருக்கு. முன்பின் தெரியாத மனிதர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் நான்கே நான்கு கேள்விகள்தான். இண்டைக்கு என்ன விசேஷம்? உள்ளுக்குள் என்ன போட்டிருக்கிறாய்? நீ எந்தக் குலம்? இது பாவாடைதானே?

அந்தக் கேள்விகளுக்கு இங்கே நாங்கள் பதில் சொல்லப் போவதில்லை. அவை எங்கிருந்து வந்தன எண்டுதான் பார்க்கப் போகிறோம். 1700ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில் இந்த உடுப்போடு நடந்துபோன ஒருவரை மறித்து அங்கே யாரும் இந்த நான்கையும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லாரும் அதைத்தானே உடுத்திருந்தார்கள். அப்படியெண்டால் இடையில் என்ன நடந்தது? ஒரு சட்டம், ஒரு இராணுவம், ஒரு அரசன், சில வியாபாரிகள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் இவர்களில் யாரோ ஒருவர் நிற்கிறார்.

இண்டைக்கு என்ன விசேஷம்?

முதலில் இருந்தது இப்போது நாங்கள் பார்க்கிற கில்ட் இல்லை. அது ஒரு முழு நீளத் துணி. கேலிக் மொழியில் ஃபேலெ மோர், அதாவது பெரிய சுற்றுடுப்பு. நான்கைந்து மீற்றர் நீளமான கம்பளித் துணியை நிலத்தில் விரித்து, நடுப்பகுதியைக் கொய்து, அதன்மேல் படுத்து, இடுப்போடு சேர்த்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எழும்புவது இதைக் கட்டுகிற ஒரு முறை. கீழ்ப்பாதி முழங்கால் வரை தொங்கும். மேல்பாதியைத் தோளில் போடலாம், மழை வந்தால் தலைக்கு மேல் இழுக்கலாம், இரவில் பெல்ட்டைக் கழற்றினால் அதுவே போர்வை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து இதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன. மாடு மேய்க்கிற, ஆறு கடக்கிற, ஈர மலையில் வெளியில் படுத்தெழும்புகிற மக்களின் உடுப்பு அது. அவர்களிடம் போய் என்ன விசேஷம் எண்டு கேட்டால் சிரிப்பார்கள்.

பிறகு 1745 வந்தது. ஆட்சியை இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் வாரிசான சார்ள்ஸ் எட்வர்ட், பிரித்தானிய அரியணையைத் திரும்பப் பிடிக்க ஹைலண்ட்ஸில் வந்து இறங்கினார். அவருடைய படையில் மலைப்பகுதியைச் சேராதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் படை முழுக்கக் கட்டத்துணியே அடையாளமானது. 1746 ஏப்ரல் 16ஆம் திகதி கலோடனில் நடந்த சண்டை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. கிளர்ச்சிப் படை அழிந்தது. அதன் பின்னர் லண்டன் பாராளுமன்றம் ஆயுதங்களைப் பறிப்பதோடு நிற்கவில்லை. உடுப்பையும் பறித்தது.

அதே 1746இல் நிறைவேறிய சட்டத்தின்படி, ஸ்கொட்லாந்தில் இராணுவத்தில் இல்லாத எந்த ஆணும் சிறுவனும் ஹைலண்ட் உடுப்பை உடுத்தக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் தடவை பிடிபட்டால் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு ஏழு வருட நாடுகடத்தல். அந்தக் குடியேற்றங்களுக்குச் சட்டத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருள் பெருந்தோட்டங்கள். அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

இந்தத் தடை கிளர்ச்சி செய்தவர்களை மட்டும் தண்டிக்கவில்லை. டங்கன் பான் மகின்டயர் எண்ட கேலிக் கவிஞர் 1746இல் அரசாங்கப் பக்கம் நின்று சண்டை பிடித்தவர். எழுத வாசிக்கத் தெரியாது, பாட்டுகளை மனதில் வைத்தே கட்டியவர். அவரே பிறகு காற்சட்டையைத் திட்டி ஒரு பாட்டுக் கட்டினார். அரசனுக்காக இரத்தம் சிந்தினவனின் காலிலும் அரசாங்கம் காற்சட்டையை மாட்டிவிட்டது எண்ட ஆத்திரம்தான் அந்தப் பாட்டு. அதிகாரம் ஒரு சமூகத்தை மொத்தமாகச் சந்தேகிக்கத் தொடங்கினால், விசுவாசமாக இருந்தவனுக்கும் விதிவிலக்கு இல்லை. இதை எங்களுக்குப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தடை 36 வருஷம் நீடித்தது. 1782 ஜூலை முதலாம் திகதிதான் நீக்கப்பட்டது. அதற்காக முன்னின்று உழைத்தது ஹைலண்ட் கிராமத்து மக்கள் இல்லை, லண்டனில் இருந்த ஹைலண்ட் சங்கத்துக் கனவான்கள். 36 வருஷம் எண்டால் ஒரு தலைமுறையை விடக் கூட. தடை வந்தபோது பத்து வயதாக இருந்தவனுக்கு நீங்கியபோது 46 வயது. அதற்குள் சாதாரண சனம் காற்சட்டைக்குப் பழகிவிட்டது. உடுத்தலாம் எண்டு சட்டம் சொன்னபோது, அதை நாளாந்தம் உடுத்துகிற வாழ்க்கையே மாறிப்போயிருந்தது. திரும்பி வந்த கில்ட், மேட்டுக்குடியினரின் விருந்துக்கும் விழாவுக்கும் உரிய உடுப்பாக வந்தது. அன்றாட உடுப்பு ஒன்றைத் தலைமுறை கணக்காகத் தடை செய்துபோட்டுப் பிறகு அனுமதித்தால் அது அன்றாட உடுப்பாகத் திரும்பி வராது, விசேஷமாகத்தான் வரும். தெருவில் ஒருவரை மறித்து யாருக்குக் கல்யாணம் எண்டு கேட்பவருக்கு 1746ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதே அந்தச் சட்டத்தின் விளைவுதான்.

உள்ளுக்குள் என்ன போட்டிருக்கிறாய்?

இந்தக் கேள்வியின் வேர் இராணுவத்தில் இருக்கு. சட்டத்தில் இருந்த விதிவிலக்கைக் கவனித்தீர்களா? வீட்டில் உடுத்தினால் சிறை, அரசனின் படையில் சேர்ந்தால் அதே உடுப்புச் சீருடை. கிளர்ச்சிக்கு முன்னமே, 1739இல், பிளக் வோச் எண்டு பெயர் பெற்ற ஹைலண்ட் படைப்பிரிவு பிரித்தானிய இராணுவத்தில் உருவாகியிருந்தது. தடைக்காலத்தில் இன்னும் பல படைப்பிரிவுகளைக் கட்டினார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் சண்டை பிடிக்க அனுப்பினார்கள். தன்னுடைய பாட்டனின் உடுப்பைச் சட்டப்படி கட்ட ஒரு ஹைலண்ட் இளைஞனுக்கு இருந்த ஒரே வழி, பாட்டனைத் தோற்கடித்த இராணுவத்தில் சேர்வது. உடுப்பைக் காப்பாற்றியது அதைத் தடை செய்த அரசே எண்டு சொல்லுவது இதனால்தான். ஆனால் காப்பாற்றியது தன் தேவைக்காக.

தேவை முடிந்தால் கழற்றவும் தெரியும். 1809இல் ஆறு ஹைலண்ட் படைப்பிரிவுகளிடம் இருந்து கில்ட் பறிக்கப்பட்டது. காரணம், மலைப்பகுதியில் ஆள் சேர்ப்பது குறைந்துவிட்டது, இங்கிலாந்துக்காரர் கில்ட் கட்டப் பிரியப்படுவதில்லை எண்டது. ஐந்து பிரிவுகளுக்கு மட்டும் கில்ட் மிஞ்சியது.

கில்ட்டுக்குள் ஒன்றும் போடுவதில்லை எண்ட பேச்சு இந்தப் படைமுகாம் பாரம்பரியத்தில் வளர்ந்ததுதான். முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளில் கில்ட்டோடு நின்றவர்களின் கொய்யகத்துக்குள் பேன் குடியிருந்தது, சேறு காய்ந்து துணி விளிம்பு தொடையை வெட்டியது. அந்தப் பகுதியை யாரும் பகிடியாகச் சொல்வதில்லை. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தோடு சண்டைக்களத்தில் கில்ட் நிறுத்தப்பட்டது. பகிடி மட்டும் மிஞ்சியது. 1997இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் கையளித்த காலத்தில், அணிவகுப்பில் நின்ற பிளக் வோச் வீரர் ஒருவரின் கில்ட்டைக் காற்று தூக்க, அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஒரு சாம்ராச்சியம் கொடியை இறக்கிய நேரத்தில் பலருக்கு ஞாபகம் நின்றது அதுதான்.

ஆனால் நாளாந்தம் கில்ட் உடுத்துகிறவருக்கு இது பகிடியாக முடிவதில்லை. கேள்வியோடு சிலர் நிற்பதில்லை, துணியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். இன்வர்னஸ் நகரத்து மதுச்சாலை ஒன்றில் கில்ட் உடுத்தி வேலை செய்த ஊழியர்கள், வாடிக்கையாளர் பெண்கள் துணியைத் தூக்குகிறார்கள் எண்டு காற்சட்டைக்கு மாறிய செய்தி சில வருஷங்களுக்கு முன்னர் வெளிவந்தது. இதை வாசிக்கும்போது சிரிப்பு வரலாம். அதே விஷயத்தை, குட்டைப் பாவாடை போட்ட ஒரு பெண்ணிடம் ஆண்கள் செய்வதாக மாற்றி வாசித்துப் பாருங்கோ. சிரிப்பு நின்றுவிடும். இன்னொருவரின் உடம்பு பற்றிய கேள்வியைப் பொது இடத்தில் கேட்க யாருக்கு உரிமை எண்டது இரண்டு பக்கமும் ஒரே பிரச்சினைதான். பெண்களுக்கு அது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. கில்ட் கட்டுகிற ஆண், தினமும் இல்லாவிட்டாலும், அந்த அனுபவத்தின் ஒரு துண்டைத் தொட்டுப் பார்க்கிறார்.

நீ எந்தக் குலம்?

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டத்துணி வடிவம் உண்டு, அதற்கு டார்ட்டன் எண்டு பெயர், அந்தக் குலத்தவன் மட்டுமே அதை உடுத்தலாம். இதுதான் பொதுவான நம்பிக்கை. ஆகவே கேள்வி: நீ கட்டியிருப்பது யாருடைய டார்ட்டன்?

டார்ட்டன் துணி பழையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் குலத்துக்கு ஒன்று எண்ட ஒழுங்கு பழையது இல்லை. கலோடனில் போரிட்டவர்கள் யார் எந்தப் பக்கம் எண்டு அறிந்தது தொப்பியில் குத்திய அடையாளத்தால்தான், துணியின் கட்டத்தால் இல்லை. பனொக்பேர்னில் இருந்த வில்சன் நெசவுக் குடும்பம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராணுவத்துக்கு டார்ட்டன் நெய்து வளர்ந்தது. அவர்களுடைய வடிவங்களில் பல முதலில் வெறும் இலக்கங்கள். குலப் பெயர் வைத்தால் நன்றாக விற்கும் எண்டது பிறகு தெரியவந்தது. 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் குலத் தலைவர்களிடம் உங்கள் டார்ட்டன் மாதிரியை அனுப்புங்கோ எண்டு கேட்டபோது, எங்களுடையது எது எண்டு தெரியாமல் விசாரித்த தலைவர்களும் இருந்தார்கள்.

1822 ஓகஸ்டில் அரசன் நான்காம் ஜோர்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியில் இருக்கும் அரசர் ஒருவர் ஸ்கொட்லாந்துக்கு வந்து ஏறத்தாழ 170 வருஷம் ஆகியிருந்தது. விழாவை ஒழுங்குபடுத்தியவர் நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட். அவர் எல்லாரையும் ஹைலண்ட் உடுப்பில் வரச் சொன்னார். எடின்பரோ மலைப்பகுதி இல்லை, அந்த நகரத்தவர் பலருடைய முன்னோர் கில்ட்டைக் கள்வர்களின் உடுப்பாகப் பார்த்தவர்கள். அவர்கள் இப்போது அவசர அவசரமாகத் தங்களுக்கும் ஒரு டார்ட்டன் தேடினார்கள். அரசனும் கில்ட் கட்டினார். அவருடைய உடுப்புச் செலவு மட்டும் 1,300 பவுணுக்கு மேல். உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை. இரண்டாவது கேள்விக்கு அரசனின் பதில் அது!

இதற்குப் பின் வந்தது இன்னும் நல்ல கதை. கவிழ்ந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் பேரர்கள் நாங்கள் எண்டு சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றில் இருந்து எடுத்ததாக 1842இல் டார்ட்டன்கள் பற்றி ஒரு ஆடம்பரப் புத்தகம் வெளியிட்டார்கள். அரச வாரிசு எண்டதும் பொய், கையெழுத்துப் பிரதியும் பொய். ஆனால் அந்தப் புத்தகத்து வடிவங்கள் பல இண்டைக்கும் குல டார்ட்டன்களாக விற்பனையில் இருக்கின்றன.

எங்கட கலைப்பீடங்களில் வரலாறோ சமூகவியலோ படிக்கிற பலருக்கு இந்தக் கதை கொஞ்சம் தெரிந்திருக்கும். எரிக் ஹொப்ஸ்போமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த "மரபின் கண்டுபிடிப்பு" எண்ட பொருள்படும் நூலில் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. அவருடைய முடிவு: ஹைலண்ட் பாரம்பரியம் முழுக்கப் பிற்காலத்துக் கட்டுக்கதை. சுவையான எழுத்து. ஆனால் அதே 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் எண்டு வந்த போலிக் குறிப்பேடுகளை உண்மையானவை எண்டு உறுதிப்படுத்தி மாட்டிக்கொண்டவரும் அவரேதான். மற்றவரின் மரபில் போலியைக் கண்டுபிடிப்பது எப்போதும் கொஞ்சம் லேசு.

எங்களுக்கு அவருடைய கட்டுரையில் குறையாகப் படுவது வேறு விஷயம். டார்ட்டன் விழாக்கள் நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் ஹைலண்ட்ஸில் என்ன நடந்தது? நிலச் சொந்தக்காரர்கள் செம்மறி வளர்ப்புக்காகக் குடியானவர்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். சதர்லண்ட் பிரதேசத்தில் 1811இல் இருந்து 1820 வரை ஆயிரக்கணக்கானோர் வீடுகளில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வராதபடி கூரைகள் கொளுத்தப்பட்டன. முன்னர் சொன்ன கவிஞர் டங்கன் பான், நரிகளைப் புகழ்ந்துகூட ஒரு பாட்டுக் கட்டினார். நரி செம்மறியைக் கொல்லுகிறதே, அதற்காக. இன்னொரு பக்கம், கிளென்கரியின் தலைவர் மக்டோனல் 1815இல் உண்மையான ஹைலண்டர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியவர், எங்கும் முழு ஹைலண்ட் உடுப்பில் திரிந்தவர், 1822 விழாவிலும் நின்றவர். அவரே தன்னுடைய நிலத்தில் இருந்த குடிகளை வெளியேற்றியவர். உடுப்பை விழாமேடைக்கு ஏற்றிவிட்டு, அதை நெய்து உடுத்திய சனத்தைக் கப்பலுக்கு ஏற்றினார்கள். பாரம்பரியம் வளர்கிறது எண்டு மேடையில் சொல்லப்படும்போது, அந்தப் பாரம்பரியத்துக்குரிய மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் எண்டு பார்க்க வேண்டியிருக்கு.

இண்டைக்கு நிலைமை கொஞ்சம் திறந்திருக்கு. 2009இல் இருந்து ஸ்கொட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேடு இயங்குகிறது. கட்டணம் கட்டினால் யாரும் புது வடிவத்தைப் பதியலாம். கழகங்களுக்கு, கம்பனிகளுக்கு, நகரங்களுக்கு எல்லாம் டார்ட்டன் இருக்கு. ஸ்கொட்லாந்தில் வாழும் சீக்கியர்களுக்காக சிங் டார்ட்டன் கூட இருக்கு. குலம் எது எண்டு கேட்பவருக்கு, கடையில் பிடித்த நிறத்தை எடுத்தேன் எண்டு சொல்லுவதில் பிழை ஒன்றும் இல்லை. வில்சன் குடும்பம் விற்றதும் அப்படித்தான்.

இது பாவாடைதானே?

இப்போதைய கில்ட், பெரிய சுற்றுடுப்பின் கீழ்ப்பாதி மட்டும். கேலிக் மொழியில் ஃபேலெ பெக், சின்னச் சுற்றுடுப்பு. இதைக் கண்டுபிடித்தவர் தோமஸ் ரோலின்சன் எண்ட இங்கிலாந்துக்காரர் எண்டு ஒரு கதை உண்டு. 1720களின் கடைசியில் கிளென்கரிப் பகுதியில் இரும்பு உலை நடத்தியவர். முழுத் துணியோடு உலைக்குப் பக்கத்தில் வேலை செய்ய ஏலாது எண்டு கீழ்ப்பாதியை மட்டும் பிரித்தெடுத்தாராம். கீழ்ப்பாதியை மட்டும் கட்டுகிற பழக்கம் அதற்கு முன்னமே இருந்தது எண்டு ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். யார் வெட்டினாலும் வெட்டியது வேலை வசதிக்குத்தான். கில்ட் எண்ட சொல்லே ஸ்கண்டிநேவிய வேரில் இருந்து வந்தது. உடுப்பைத் தூக்கிச் செருகுவது எண்டு பொருள். எங்கட ஆட்கள் சாரத்தைத் தூக்கிக் கட்டினால் அதற்குச் சண்டிக்கட்டு எண்டு பெயர் இருக்கெல்லோ, கிட்டத்தட்ட அதுதான்.

கால் பிரித்துத் தைத்தால் ஆண் உடுப்பு, பிரிக்காமல் சுற்றினால் பெண் உடுப்பு எண்ட பிரிப்பு ஐரோப்பாவில் இறுகியது. பிறகு அதிகாரத்தோடு உலகம் முழுக்கப் பரவியது. காற்சட்டை உத்தியோகத்தின் உடுப்பானது, சுற்றிக்கட்டுவது ஊருக்குள் நிற்க வேண்டிய உடுப்பானது. ஆனால் உலகத்தில் வெயில் நாடுகளின் ஆண்களில் பெரும்பகுதியினர் சுற்றித்தான் கட்டினார்கள். பர்மாவின் லொஞ்சி, பிஜியின் சுலு, இந்தோனேசியாவின் சாரோங், எங்கட வேட்டி, சாரம். பழவேற்காட்டுப் பெயரைச் சுமந்து வந்த பலேகாட் சாரமும் கட்டம் போட்டதுதான். அதைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிற ஐயாவிடம் இது பாவாடையா எண்டு யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே சாரத்தோடு ஒரு பெடியன் விரிவுரைக்கு வந்தால்? வங்கியில் நேர்முகப் பரீட்சைக்குப் போனால்? கேள்வி உடனே பிறந்துவிடும். எங்கே, யார், யாருக்கு முன்னால் உடுத்துகிறார் எண்டதில்தான் கேள்வி இருக்கு.

2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சியாட்டலில், பெரிய பொக்கற்றுகள் வைத்த தடித்த பருத்தித் துணிக் கில்ட்டுகளைத் தைத்து விற்கும் யூட்டிலிகில்ட்ஸ் எண்ட கம்பனி தொடங்கியது. அதை வாங்குகிற பலருக்கு ஸ்கொட்லாந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. காற்றோட்டம் நல்லது, வேலைக்கு வசதி எண்டுதான் கட்டுகிறார்கள். ஒரு விதத்தில் அது பழைய இடத்துக்கே திரும்பியிருக்கு: விழா இல்லாமல், குலம் இல்லாமல், ஒரு உடுப்பு.

எங்கட மலைகளில்

இவ்வளவும் தூரத்துக் கதை எண்டு நினைக்கிறவர்கள் மலையகத்துத் தோட்டப் பெயர்களை ஒருமுறை வாசியுங்கோ. தலவாக்கலையில் ஹொலிரூட். அக்கரப்பத்தனைப் பக்கம் பல்மோரல், கிளாஸ்கோ. நானுஓயாவில் எடின்பரோ. ஹொலிரூட் எடின்பரோவின் அரண்மனை, நான்காம் ஜோர்ஜ் 1822இல் கில்ட்டோடு வரவேற்பு நடத்தியது அங்கேதான். பல்மோரல் விக்டோரியா அரசிக்காக வாங்கப்பட்ட மாளிகை, அவருடைய கணவர் அல்பேர்ட் அதற்கெண்டே ஒரு டார்ட்டன் வரைந்தார். அந்தப் பெயர்கள் பலகையில் ஆங்கிலத்தில் இருக்க, தோட்டத்துச் சனம் தங்களுக்கு எண்டு வேறு தமிழ்ப் பெயர்களை வைத்துக்கொண்டது.

முதலில் வந்தது இராணுவம். 1809இல் கில்ட்டை இழந்த ஆறு பிரிவுகளில் ஒன்றான 73ஆம் படைப்பிரிவுதான் 1817-18 ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய படைகளில் இருந்தது. கில்ட்டைத் தக்கவைத்த 78ஆம் ஹைலண்டர்ஸ் 1826இல் இருந்து 1837 வரை இலங்கையில் நின்றது. பிறகு கோப்பித் துரைமார். அவர்களில் பலர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில் இருந்து வந்தவர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரும் அப்பகுதிக்காரர்தான், 1852இல் வந்தவர். இவர்கள் கூரை கொளுத்தப்பட்ட கேலிக் குடியானவர்கள் இல்லை. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு, ஒடுக்கப்பட்டவன் வந்து ஒடுக்கினான் எண்டு லேசாக எழுதிவிட ஏலாது. ஆனால் ஒன்றை எழுதலாம். தன்னுடைய ஊரில் செம்மறிக்காகச் சனத்தைக் கிளப்பிய அதே பொருளாதாரம், இங்கே கோப்பிக்கும் தேயிலைக்கும் எண்டு தமிழகத்துக் கிராமங்களில் இருந்து சனத்தைக் கொண்டுவந்து லயன் காம்பராக்களில் அடைத்தது. கில்ட் கட்டியவனை மிரட்ட 1746ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்திய சொல், நூறு வருஷத்தில் எங்கட மலைகளில் வேறொரு மக்களின் முழு வாழ்க்கையுமானது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கில்ட்டின் வரலாற்றை வாசித்து முடிக்கிற பலர் இரண்டு பக்கத்தில் ஒன்றில் போய் நிற்கிறார்கள். ஒன்று, இது ஆயிரம் வருஷப் பாரம்பரியம், தொடாதே எண்டு. மற்றது, எல்லாம் 19ஆம் நூற்றாண்டுப் புளுகு, விட்டுத்தள்ளு எண்டு. எங்களுக்கு இரண்டும் போதவில்லை. குல டார்ட்டன் பட்டியல் புளுகு. ஆனால் மலையில் போர்வையாகக் கிடந்த துணி உண்மை, ஆறு மாதச் சிறை உண்மை, கொளுத்திய கூரை உண்மை.

இந்தக் கணக்கை எங்கட பக்கமும் திருப்ப வேண்டியிருக்கு. கம்பஸுகளில் பண்பாட்டு உடை எண்டு அறிவுறுத்தல் வரும்போது, அது அநேகமாகப் பெண்பிள்ளைகளின் சேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். இன்றைய வடிவில் சட்டையும் உள்பாவாடையும் போட்டுக் கட்டுகிற சேலை காலனித்துவ காலத்தில் பரவலானது எண்டதை அந்த அறிவுறுத்தல்கள் சொல்வதில்லை. அதற்காகச் சேலை போலி இல்லை. ஆனால் காலங்காலமாக இதுதான் எண்டு சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த ஏலாது. பாரம்பரியம் எண்டு ஒன்றைக் காட்டினால் நாங்கள் கேட்க வேண்டியது: இதை வேலைக்கு உடுத்தியது யார்? தடுத்தது யார்? மேடைக்கு ஏற்றியது யார்? அந்த நேரத்தில் அதற்குரிய சனத்துக்கு என்ன நடந்தது?

இவை வரலாற்றிடம் கேட்க வேண்டிய கேள்விகள். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருக்கிறவரிடம் கேட்பதற்கு இல்லை. கில்ட்டோ, சாரமோ, சேலையோ, ஜீன்ஸோ, ஹபாயாவோ, அவர் காலையில் எழும்பி ஒரு உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு இண்டைக்கு ஒரு விசேஷமும் இல்லை. வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான்.